தேக்காவில் பரோட்டா கடை: கம்பெனி பதிவு, மாஸ்டருக்கு பெர்மிட், பணம் அனுப்புவது – எது முதலில்?

கோரிப்பாளையம்_கூட்டு:

வணக்கம். மதுரையில் நானும் தம்பியும் கூட்டாக அசைவ ஹோட்டல் நடத்துகிறோம். பார்ட்னர்ஷிப் பத்திரம் எழுதியிருக்கிறது, பதிவு பண்ணவில்லை. பான், ஜிஎஸ்டி எல்லாம் ஃபர்ம் பெயரில்.

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு கடை வாடகைக்கு வருகிறது. மனைவியின் அண்ணன் (மச்சான்) அங்கே பிஆர் (நிரந்தரவாசி). திட்டம் இதுதான்: அங்கே ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி, முதலீடு 60 லட்சம் ரூபாய். இங்கிருந்து 2 பரோட்டா மாஸ்டர், 1 பிரியாணி மாஸ்டர், 4 சப்ளையர். அங்கேயே 3 பேர் எடுத்துக்கொள்ளலாம். நான் இ.பி.யில் (எம்ப்ளாய்மென்ட் பாஸ், மேலாளர் தர வேலை அனுமதி) போய் உட்கார்ந்து கவனிப்பேன். முதலில் செலவாகும் பணத்தை மச்சான் அங்கே சிங்கப்பூர் வெள்ளியில் (டாலரில்) போட்டுவிடுவார், நாங்கள் இங்கே அவர் வீட்டில் ரூபாயாகக் கொடுத்துவிடுவோம்.

ஏஜென்ட் ஒருவர் "இப்ப இந்தியன் குக் ஓப்பன் ஆயிடுச்சு, எத்தனை பேர் வேணும்னாலும் கொண்டு போகலாம்" என்கிறார். இன்னொருவர் "ரூல் எல்லாம் மாறிடுச்சு, டைரக்டர் கிடைக்கிறதே கஷ்டம்" என்கிறார். வீட்டுக்காரர் அட்வான்ஸ் கேட்கிறார். எந்த வேலையை முதலில் செய்யணும்?

---

தேக்கா_வாசி:

அட்வான்ஸ் கொடுக்காதீங்க. முதலில் தலைக்கணக்கு.

ஏஜென்ட் சொன்னது பாதி உண்மை. சேவைத் துறையில் (உணவகம் அதில்தான் வரும்) இந்தியர்களுக்கு ஒர்க் பெர்மிட் பல காலம் மூடியே இருந்தது. 2023 செப்டம்பர் 1 முதல் இந்திய உணவு சமைக்கும் சமையல்காரருக்குத் திறந்தார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் சமையல்காரர் என்ற வேலையே பொதுவாக அனுமதிக்கப்பட்ட வேலைகளின் சிறப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. ஆனால் அவர் சொல்லாமல் விட்ட பாதி இருக்கிறதே, அதுதான் உங்கள் திட்டத்தைக் கவிழ்க்கும்.

மூன்று வரம்புகள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன.

சேவைத் துறையில் மொத்த ஆட்களில் 35 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டவர் இருக்கக்கூடாது. இதில் ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் வேலை அனுமதி) இரண்டும் அடக்கம், இ.பி. கணக்கில் வராது. அந்த 35க்குள்ளே எஸ் பாஸ் மட்டும் 10 சதவீதம். இந்தியா, வங்கதேசம், இலங்கை போன்ற நாடுகளிலிருந்து அந்தச் சிறப்புப் பட்டியலில் வருகிற பெர்மிட்காரர் மொத்த ஆட்களில் 8 சதவீதம்தான்.

இப்போது உங்கள் கணக்கைப் போடுங்க. உள்ளூர் ஆள் 3. மூன்று பேரை வைத்து ஒரே ஒரு வெளிநாட்டவர்தான் எடுக்க முடியும், மொத்தம் 4. நாலில் 8 சதவீதம் 0.32. அதாவது பூஜ்யம். நாலில் 10 சதவீதம் 0.4. அதுவும் பூஜ்யம். கிடைக்கிற அந்த ஒரு இடத்துக்கும் மலேசியர், சீனர், கொரியர், தைவான்காரர் என்று அனுமதிக்கப்பட்ட நாட்டவர்தான் வரலாம். மதுரையிலிருந்து ஒருத்தரும் வர முடியாது.

ஒரு பரோட்டா மாஸ்டர் வரணும் என்றால் மொத்த ஆள் குறைந்தது 13 இருக்கணும் (13இல் 8 சதவீதம் 1.04). அந்த 13இல் 9 பேர் உள்ளூர், 4 பேர் வெளியாள். அந்த 4இல் ஒருவர் உங்கள் மாஸ்டர், ஒருவர் எஸ் பாஸ், மீதி இருவர் மலேசியர் மாதிரி. இரண்டாவது மாஸ்டர் வேண்டுமென்றால் மொத்தம் 25 ஆக வேண்டும். "எத்தனை பேர் வேணும்னாலும்" என்றவரிடம் இந்த 25ஐச் சொல்லிப் பாருங்க.

சப்ளையர் 4 பேர் என்பது அப்படியே அடிபட்டுப் போகிறது. பட்டியலில் இருப்பது சமையல்காரர், பரிமாறுகிறவர் இல்லை. சப்ளையரை எஸ் பாஸில் கொண்டு வரலாமே என்றால் 2025 செப்டம்பர் 1 முதல் புது எஸ் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி, வயது ஏற ஏற அதுவும் ஏறி நாற்பதுகளின் நடுவில் 4,800 வரை போகும். அதற்கு மேல் மாதம் 650 வெள்ளி லெவி (வெளிநாட்டு ஆளுக்காக முதலாளி அரசுக்குக் கட்டுவது). இலை எடுக்கிறவருக்கு அந்தச் சம்பளம் போட்டு விண்ணப்பித்தால் மனிதவள அமைச்சு அதிகாரி சிரிக்கமாட்டார், சந்தேகப்படுவார்.

"சமையல்காரர் என்று பெர்மிட் எடுத்து மேசையில் நிறுத்திக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். பெர்மிட்டில் எழுதிய வேலை, எழுதிய முதலாளி, இரண்டும் மாறக்கூடாது. சோதனைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பதே கல்லில் நிற்பது யார், தட்டு தூக்குவது யார் என்பதைத்தான்.

உள்ளூர் ஆள் என்றால் சிங்கப்பூர்க் குடிமகன் அல்லது பிஆர். ஒருவர் முழுத் தலையாக எண்ணப்படுவதற்கு ஒரு சம்பள வரம்பு உண்டு. 2024 ஜூலையில் அது 1,600 வெள்ளி ஆனது. அதில் பாதிக்கு மேல் வாங்கினால் அரைத் தலை. மசேநி (மத்திய சேமநிதி) கட்டியிருப்பதை வைத்துத்தான் தலை எண்ணுவார்கள். அதுபோக, வெளிநாட்டு ஆள் வைத்திருக்கிற உணவகம் தன் உள்ளூர் ஆட்களுக்கு உணவுச் சேவைத் துறைக்கான படிப்படி உயர்வுச் சம்பள முறைப்படி கொடுக்கவேண்டும். முழுநேர ஆளுக்கு அது 1,600ஐத் தாண்டும். 9 உள்ளூர் ஆள் என்றால் அந்தச் சம்பளம், அதன் மேல் முதலாளி பங்கு மசேநி 17 சதவீதம் (55 வயது வரை உள்ளவருக்கு). இந்தத் தொகையை மாத வியாபாரத்தோடு வைத்துப் பாருங்க. தாங்குமென்றால் மேலே பேசலாம்.

---

மேலமாசி_ஆடிட்டர்:

மேலே உள்ளவர் ஆள் கணக்கு சொல்லிவிட்டார். நான் இந்தியப் பக்கம் மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் கேள்வியில் பெரிய ஆபத்து அந்தக் கடைசி வரியில் இருக்கிறது.

மச்சான் அங்கே வெள்ளியில் போடுவது, நீங்கள் இங்கே ரூபாயில் தீர்ப்பது: இதைச் செய்யவே செய்யாதீர்கள். அவர் இந்தியாவில் வசிக்காதவர். அவருக்காக இங்கே இன்னொருவரிடம் பணம் கொடுத்து அங்கே சொத்து வாங்குவது ஃபெமா (அந்நியச் செலாவணிச் சட்டம்) 3ஆம் பிரிவை நேராக மீறுவது. குடும்பத்துக்குள்தானே என்பது அந்தச் சட்டத்துக்கு ஒரு பதிலே அல்ல. பின்னால் அந்தப் பங்குகளை உங்கள் பெயரில் காட்ட வழியும் இருக்காது, ஏனென்றால் வங்கி வழியாகப் போன ஆதாரம் இல்லை.

முறையான வழி வெளிநாட்டு நேரடி முதலீடு. 2022 ஆகஸ்ட் 22இல் வந்த விதிகள்தான் இன்றும். யார் பெயரில் முதலீடு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

ஃபர்ம் பெயரில் போடலாமா? இந்த விதிகளில் கூட்டு நிறுவனம் என்றால் 1932ஆம் ஆண்டு பார்ட்னர்ஷிப் சட்டப்படி பதிவு செய்யப்பட்ட ஃபர்ம் மட்டுமே. உங்களுடையது பதிவாகவில்லை, ஆகவே இன்றைய நிலையில் தகுதி இல்லை. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளலாம், அது பெரிய வேலையல்ல. எதற்கு அந்தச் சிரமம் என்றால், ஃபர்ம் தன் நிகர மதிப்பில் 400 சதவீதம் வரை தானியங்கி வழியில் (ரிசர்வ் வங்கியிடம் தனி அனுமதி கேட்காமல்) முதலீடு செய்யலாம், தனிநபர் அனுப்பும்போது வரும் டிசிஎஸ் (வருமான வரிக்காக வங்கி பிடித்துக்கொள்ளும் முன்பணம்) ஃபர்முக்கு வராது. ஆனால் நிகர மதிப்பு கடைசியாகத் தணிக்கை செய்த இருப்புநிலைக் குறிப்பிலிருந்து எடுக்கவேண்டும், அது 18 மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. உத்தேச வருமான முறையில் ஐடிஆர்-4 (எளிய வரிப் படிவம்) போட்டுக்கொண்டு தணிக்கையே செய்யாத ஃபர்ம் என்றால் அதையும் முதலில் சரி செய்யவேண்டும். நம் ஊர் ஹோட்டல்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான்.

தனிநபராக நீங்களும் தம்பியும் தலா 30 லட்சம் அனுப்புவது இரண்டாவது வழி. ஒரு நிதியாண்டில் ஒருவருக்கு 2,50,000 அமெரிக்க டாலர் வரை வரம்பு இருப்பதால் அதில் தடையில்லை. டிசிஎஸ்தான் கடிக்கும். 2025 ஏப்ரல் 1 முதல் ஆண்டுக்கு 10 லட்சம் வரை இல்லை. அதற்கு மேல் இந்த மாதிரி முதலீட்டுக்கு 20 சதவீதம். ஆளுக்கு 20 லட்சத்தின் மேல் 4 லட்சம், இருவருக்கும் 8 லட்சம். அது வரி இல்லை, முன்பணம். ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்ப வரும். ஆனால் கடை திறக்கிற நேரத்தில் 8 லட்சம் மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கும். ஆகவே 60 லட்சம் கையில் இருந்தால் போதாது, 68 வேண்டும். மார்ச்சில் கொஞ்சம், ஏப்ரலில் கொஞ்சம் என்று இரண்டு நிதியாண்டாகப் பிரித்தால் ஆளுக்கு இரண்டு முறை 10 லட்சம் விலக்கு கிடைக்கும், டிசிஎஸ் பாதியாகிவிடும்.

இதற்கு வங்கியில் கடன் வாங்கி அனுப்பமுடியாது. முதலீட்டுக்காக இந்த வழியில் போகும் பணத்துக்கு வங்கி கடன் தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கியின் தடை உண்டு. மனைவி பெயரிலும் வரம்பு இருக்கிறதே, அதைச் சேர்த்துக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அவரும் பங்குதாரராக இருந்தால் மட்டும்.

வரிசை: பணம் போவதற்கு முன்பே ஃபார்ம் எஃப்.சி. என்ற வெளிநாட்டு முதலீட்டுப் படிவத்தை வங்கியில் கொடுத்து யுஐஎன் என்ற தனி அடையாள எண் பெறவேண்டும். கணக்கு இருக்கிற சின்னக் கிளையில் இதைக் கேட்டால் முழிப்பார்கள், அந்நியச் செலாவணிப் பிரிவு இருக்கிற கிளைக்குப் போய்விடுங்கள். அனுப்பும் காரணத்தில் நேரடி முதலீடு என்றே இருக்கவேண்டும். "குடும்பப் பராமரிப்பு" என்று டிக் அடித்து அனுப்பி அதைப் பங்காக மாற்றினால், பிறகு வங்கி ஃபார்ம் எஃப்.சி.யை ஏற்காது. பணம் போன 6 மாதத்துக்குள் பங்குச் சான்றிதழ் வங்கிக்கு வரவேண்டும். அதன் பிறகு ஆண்டுதோறும் டிசம்பர் 31க்குள் ஏபிஆர் (ஆண்டுச் செயல்பாட்டு அறிக்கை). தவறினால் தாமதக் கட்டணம் 7,500 ரூபாய். அது சின்னத் தொகை. அதை முறைப்படுத்தும் வரை அடுத்த ரூபாய் அனுப்பமுடியாது என்பதுதான் வலி. கடை நட்டத்தில் தவிக்கும்போது கூடுதல் மூலதனம் அனுப்பப் போய் அங்கே நின்றுவிடுவீர்கள்.

வருமான வரி ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணை நிரப்பவேண்டும். தனிநபர் என்றால் ஐடிஆர்-3, ஃபர்ம் என்றால் ஐடிஆர்-5; ஐடிஆர்-4க்குத் திரும்பவே முடியாது. அந்த அட்டவணைக்கு மட்டும் கணக்கு ஏப்ரல்–மார்ச் இல்லை, ஜனவரி–டிசம்பர். லாபமே வராவிட்டாலும் காட்டவேண்டும். விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் அபராதம் 10 லட்சம். 20 லட்சத்துக்குள் உள்ள அசையும் சொத்துக்கு விலக்கு உண்டு, ஆனால் உங்கள் 30 லட்சம் அதைத் தாண்டுகிறது.

---

கோரிப்பாளையம்_கூட்டு:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. மச்சான் விஷயத்தை அப்படியே விட்டுவிடுகிறோம். இன்னும் மூணு சந்தேகம்.

1. மச்சானை டைரக்டராகப் போடலாமா? அவர் வேறு கம்பெனியில் வேலை பார்க்கிறார்.
2. மச்சான் வீட்டு ஆட்கள், சொந்தக்காரர்கள் என்று 6 பிஆர் இருக்கிறார்கள். அவர்கள் பெயரில் மசேநி கட்டினால் 9 தலை வந்துவிடுமே?
3. மாஸ்டரை முதலில் டூரிஸ்டாகக் கூட்டிப் போய் ஒரு வாரம் கல்லில் நிற்க வைத்துப் பார்க்கலாமா? அந்த மாவும் தண்ணியும் அவருக்குக் கை பழகணும் இல்லையா.

---

பதிவுக்_காகிதம்:

முதல் கேள்விக்கு நான்.

அக்ராவில் (சிங்கப்பூரின் கம்பெனிப் பதிவு ஆணையம்) கம்பெனி பதிவு என்பது இந்த மொத்தக் கதையில் மிக எளிய வேலை. பெயருக்கு 15 வெள்ளி, பதிவுக்கு 300 வெள்ளி. பங்குதாரர் ஒருவர் போதும், முழுப் பங்கும் வெளிநாட்டவர் வைத்துக்கொள்ளலாம், மூலதனம் 1 வெள்ளி இருந்தாலும் பதிவாகும். ஆனால் சிங்பாஸ் (சிங்கப்பூர் மின் அடையாளம்) இல்லாத நீங்கள் அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் நேராகப் பதிய முடியாது. பதிவு பெற்ற நிறுவனச் சேவையாளர் வழியாகத்தான். அவருடைய கட்டணம்தான் உண்மையான செலவு.

சிங்கப்பூரில் வசிக்கும் டைரக்டர் ஒருவர் கட்டாயம். மச்சான் பிஆர் என்பதால் தகுதி உண்டு. ஆனால் இரண்டு விஷயம் பார்க்கணும். அவர் வேலை பார்க்கும் கம்பெனியின் ஒப்பந்தம் வெளியே டைரக்டராக இருக்க அனுமதிக்கிறதா? பெயருக்கு உட்காரப் போகிறாரா, நிஜமாகவே முடிவெடுக்கப் போகிறாரா?

ஏஜென்ட் "டைரக்டர் கிடைக்கிறது கஷ்டம்" என்றது இதைப் பற்றித்தான். 2025 ஜூன் 9 முதல் புது நிறுவனச் சேவையாளர் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு தொழிலாகப் பெயரளவு டைரக்டராக இருப்பவரை இனி பதிவு பெற்ற சேவையாளர்தான் ஏற்பாடு செய்யலாம், அவர் தகுதியானவரா என்று சேவையாளர் சோதித்திருக்க வேண்டும். சொந்தக்காரர் தயவில் உட்காருவது தொழில் இல்லை. ஆனால் உங்கள் சொல்படி நடக்கிறவர் என்றால் அவரும் பெயரளவு டைரக்டர்தான். அந்த நிலையையும், யார் சொல்லி உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் அக்ராவுக்குத் தெரிவிக்கணும். கம்பெனியை உண்மையில் ஆள்கிறவர் யார் என்ற பதிவேடும் உண்டு. பங்கு உங்கள் இருவருடையது என்பதால் அதில் உங்கள் பெயர்கள் வரும். இதை மறைத்து எதுவும் ஆகப்போவதில்லை.

மச்சானுக்கு இதை விளக்கிவிட்டுக் கையெழுத்து வாங்குங்க. கணக்கு தாக்கல் தவறினால், ஆள் விஷயத்தில் தப்பு நடந்தால், சம்மன் அவர் வீட்டுக்குத்தான் முதலில் போகும்.

மற்றவை: செயலாளரை 6 மாதத்துக்குள் நியமிக்கணும், அவரும் உள்ளூர்வாசி. டைரக்டர் ஒரே ஒருவர் என்றால் அவரே செயலாளராக இருக்க முடியாது. பதிவு முகவரி தபால் பெட்டி எண்ணாக இருக்கக்கூடாது. ஆண்டுக் கணக்கு முடிந்த 7 மாதத்துக்குள் ஆண்டறிக்கை.

இப்போது ஒரு சில்லறை விஷயம், ஆனால் நம்மவர்களுக்கு மட்டும் வரும். பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி, பானில் அப்பா பெயர் பின்னால், ஆதாரில் இனிஷியல் முன்னால். அக்ராவில் பாஸ்போர்ட்படி ஏறும். பங்குச் சான்றிதழ் அந்தப் பெயரில் வரும். அதை இங்கே வங்கியில் கொடுத்தால் பானில் இருப்பவரும் இவரும் ஒருவரா என்று கேட்பார்கள். பதிவுக்கு முன்பே பானையும் பாஸ்போர்ட்டையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்க. மாஸ்டருடைய பாஸ்போர்ட்டும் அப்படியே: பெர்மிட் விண்ணப்பத்தில் ஒரு எழுத்து மாறினாலும் பிறகு விமான நிலையத்தில் தெரியும்.

---

தேக்கா_வாசி:

இரண்டாவது கேள்வி: கூடவே கூடாது. வேலையே செய்யாதவர் பெயரில் மசேநி கட்டித் தலை ஏற்றுவதற்கு இங்கே 'பேய் ஊழியர்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அமைச்சிடம் பொய்த் தகவல் கொடுத்த குற்றம்: 20,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பிடிப்பதும் எளிது. இன்னொரு கம்பெனியில் முழுநேரம் வேலை பார்க்கிறவருக்கு உங்கள் கடையிலிருந்தும் மசேநி ஏறினால் கணினியே காட்டிக் கொடுக்கும். அந்த 6 பேரில் யாராவது நிஜமாகக் கல்லாவில் உட்கார்ந்து சம்பளம் வாங்கினால் அது வேறு, தாராளமாக எண்ணலாம்.

மூன்றாவது: டூரிஸ்டாக வந்தவர் கல்லில் ஒரு மணி நேரம் நின்றாலும் அது வேலைதான். சம்பளம் கொடுக்கவில்லை, சும்மா பழகினார் என்பது எடுபடாது. அவருக்கு 20,000 வெள்ளி வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ வரலாம். முதலாளிக்கு 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை. மாவு பழகணும் என்ற கவலை நியாயமானதே. அதற்கு வழி, அங்கே கிடைக்கும் மைதாவை ஒரு மூட்டை மதுரைக்கு வரவழைத்து இங்கேயே பிசைந்து, ஊற வைத்து, வீசிப் பார்ப்பது. நீங்கள் விசிட்டராக வந்து இடம் பார்க்கலாம், வங்கியில் கையெழுத்துப் போடலாம், கடையை நடத்தக்கூடாது.

உங்கள் இ.பி. பற்றி யாரும் பேசவில்லை. 2025 ஜனவரி முதல் அடிப்படை 5,600 வெள்ளி, வயதோடு ஏறி 45 வயதில் 10,700 வரை. அதைத் தாண்டியதும் காம்பஸ் என்ற புள்ளி முறை: 40 புள்ளி வேண்டும். மேலாளர், நிபுணர் தரத்தில் 25 பேருக்குக் குறைவான சின்னக் கம்பெனிக்கு இரண்டு பிரிவில் தலா 10 தானாகவே கிடைக்கும், ஆக 20. பட்டம் இருந்தால் 10. சம்பளம் அந்தத் துறையின் உள்ளூர் நிபுணர் சம்பளத்தில் 65ஆம் சதமானத்தை (நூற்றில் 65 பேர் வாங்குவதற்கு மேல்) எட்டினால் 10, 90ஐ எட்டினால் 20. ஆகப் பட்டதாரி என்றால் 65ஐ எட்டினால் போதும்; பட்டம் இல்லையென்றால் 90ஐ எட்டணும். பட்டத்துக்குப் புள்ளி கேட்டால் காமராஜர் பல்கலைக்கழகச் சான்றிதழை ஸ்கேன் பண்ணி அனுப்பினால் ஆகாது, சரிபார்ப்பு நிறுவனத்தின் அறிக்கை சேர்க்கணும். அமைச்சு இணையதளத்தில் சுய மதிப்பீட்டுக் கருவி இருக்கிறது, விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் அதில் போட்டுப் பாருங்க. ஆந்த்ரபாஸ் (தொழில்முனைவோர் அனுமதி) என்று யாராவது இழுப்பார்கள்; புதுமைத் தொழில்களுக்கானது அது, காப்பிக்கடை, ஃபுட் கோர்ட் வகைகளை வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறார்கள்.

மாஸ்டர் ஒருவருக்கு ஆகிற செலவு: நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி. ஓவர்டைம் அதில் சேராது. லெவி, சேவைத் துறையில் அடிப்படைத் திறன் என்றால் வெளிநாட்டவர் விகிதத்தைப் பொறுத்து 450, 600, 800. இதை அவர் சம்பளத்தில் பிடிக்கவே கூடாது. 5,000 வெள்ளிக்குப் பிணைப் பத்திரம். ரொக்கமாக இல்லை, காப்பீட்டு நிறுவனத்தின் உத்தரவாதமாக வாங்கலாம். ஆண்டுக்கு 60,000 வெள்ளி மருத்துவக் காப்பீடு. வயது, புதிதாக விண்ணப்பிக்கும்போது 61க்குள். இரண்டும், அதாவது பிணையும் காப்பீடும், அவர் விமானம் ஏறும் முன் தயாராக இருக்கணும்.

ஒப்புதல் வந்ததும் ஐபிஏ (முதற்கட்ட ஒப்புதல்) கடிதம் தமிழிலும் வரும். அதில் சம்பளம், பிடித்தம் எல்லாம் இருக்கும். அதை மாஸ்டர் கையில் மதுரையிலேயே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்க. ஒருமுறை உள்ளே நுழைய அதுவே விசா. வந்த 2 வாரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை, 5 நாளுக்குள் தங்கும் முகவரியைப் பதிவு செய்வது. கடை மாடியில் பாய் விரித்துப் படுத்துக்கலாம் என்று நினைக்காதீங்க. குடியிருக்க அனுமதி இல்லாத மாடி என்றால் அதுவும் குற்றம்.

---

எமிகிரேட்_குறிப்பு:

சுருக்கமாக ஒன்று. மாஸ்டர் பத்தாம் வகுப்பு தாண்டாதவராக இருந்தால் பாஸ்போர்ட் ஈசிஆர் (சில நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும்) வகையாக இருக்கும். அதற்காகப் பயப்பட வேண்டாம், ஈசிஆர் நாடுகள் 18இல் சிங்கப்பூர் இல்லை. மலேசியா இருக்கிறது, அதனால்தான் குழப்பம்.

ஏஜென்ட் வழியாக ஆள் எடுத்தால் இந்திய அரசின் எமிகிரேட் தளத்தில் அவர் பதிவு எண் உயிரோடு இருக்கிறதா பாருங்கள். தொழிலாளியிடம் வாங்கும் கட்டணம் 30,000 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 35,400. அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் சட்டவிரோதம். அதில் உங்களுக்குப் "பங்கு" தருகிறேன் என்று ஏஜென்ட் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். வேலை கொடுப்பதற்காக முதலாளி காசு வாங்குவது சிங்கப்பூரில் 30,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. உங்கள் சொந்தக் கடை மாஸ்டரைத்தானே அனுப்புகிறீர்கள், நடுவில் ஏஜென்ட் எதற்கு?

---

அடுப்படி_அளவு:

இடத்தைப் பற்றி. அந்தக் கடைக்கு நகர மறுசீரமைப்பு ஆணையத்தில் உணவகப் பயன்பாட்டு அனுமதி இருக்கிறதா என்று வாடகைப் பேச்சுக்கு முன்பே பாருங்க. முன்பு துணிக்கடையாக இருந்தால் பயன்பாடு மாற்றணும், எல்லா இடத்துக்கும் அது கிடைக்காது. கிடைத்த பிறகுதான் சிங்கப்பூர் உணவு அமைப்பின் லைசென்ஸ்.

பரோட்டா கல்லுக்கு முக்கியமானது புகைப்போக்கி. எண்ணெய்ப் புகை கூரைக்கு மேலே போகும் குழாய் இல்லாத கடையில், குழாய் போட வீட்டுக்காரரும் மேல்மாடிக்காரரும் சம்மதிக்கணும். கழிவுநீரில் எண்ணெய் பிரிக்கும் தொட்டி, அதுவும் ஏற்கெனவே இருந்தால் பெரிய செலவு மிச்சம். ஆகவே மூடின துணிக்கடையை விட மூடின சாப்பாட்டுக்கடை வாடகை கூடுதலானாலும் மலிவு. உணவைத் தொடுகிற ஒவ்வொருவரும் உணவுப் பாதுகாப்பு முதல் நிலைப் பயிற்சி முடித்திருக்கணும்.

வாடகை ஒப்பந்தத்தில் "பயன்பாட்டு அனுமதியும் உணவு லைசென்ஸும் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திருப்பித் தரப்படும்" என்ற வரி இருக்கட்டும்.

---

கோரிப்பாளையம்_கூட்டு:

இத்தனை நாள் ஏஜென்ட்கிட்ட கேட்டதை விட இங்கே தெளிவாகிவிட்டது. தம்பியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 13 ஆள் தாங்குகிற கடை இல்லை அது, 30 பேர் உட்காரலாம், அவ்வளவுதான். அப்படியென்றால் மதுரை மாஸ்டர் இல்லாமல் திறக்க வழியே இல்லையா?

---

தேக்கா_வாசி:

இருக்கிறது. பிஆராகவோ குடிமகனாகவோ உள்ள பரோட்டா மாஸ்டர், இல்லையென்றால் மலேசியத் தமிழர். பினாங்கு, ஈப்போ பக்கம் ரொட்டி வீசுகிறவர்கள் நிறையப் பேர். மலேசியர் 8 சதவீத வரம்பில் வரமாட்டார், 35க்குள் அடங்கினால் போதும், பிணைப் பத்திரமும் வேண்டாம். 4 உள்ளூர் ஆளுக்கு 2 மலேசியர் எடுக்கலாம், ஆக 6 பேர். 30 நாற்காலிக்கு அது சரியான அளவு. உங்கள் மாஸ்டரின் சால்னா அளவை, மிளகாய் எத்தனை கிராம், கசகசா எத்தனை கிராம் என்று எடை போட்டு எழுதி வாங்கிக்கிட்டு வாங்க. கண்ணளவு கைமாறாது.

---

மேலமாசி_ஆடிட்டர்:

அப்படிச் சிறிய கடை என்றால் 60 லட்சம் ஒரேயடியாகத் தேவைப்படாது. ஃபர்மைப் பதிவு செய்து, இந்த ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்துவிட்டு, ஃபர்ம் பெயரிலேயே அனுப்புங்கள். பதிவுக்குப் போகும் முன் பழைய பத்திரத்தை எடுத்து, வெளிநாட்டு முதலீடு செய்ய ஃபர்முக்கு அதிகாரம் உண்டு என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் திருத்தப் பத்திரம் எழுதி, இரண்டையும் சேர்த்தே மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்துவிடலாம்.

---

கோரிப்பாளையம்_கூட்டு:

பார்த்துட்டேன் சார். "மதுரை மாநகர எல்லைக்குள் உணவகத் தொழில்" என்று மட்டும்தான் இருக்கு. திங்கட்கிழமை பத்திர எழுத்தரைப் பார்க்கிறோம்.